சட்டையில் திறந்த கண்

காப்புக் கட்டின மறுநாள் காலையில், குழாயடியில் பல் விளக்கிட்டு நின்ன ஆம்பளைங்க சட்டை நெஞ்சுல இருந்த அம்மன் கண்ணெல்லாம், தவமணி குடத்தை இடுப்புல வச்சுக்கிட்டு வந்ததும் அவ பக்கம் திரும்புச்சு, அவ குனிஞ்சு தண்ணி புடிச்சப்ப கூடவே தாழ்ந்துச்சு, நிமிந்தப்ப கூடவே நிமிந்துச்சு, அவ அஞ்சாவது வீட்டுக்குள்ள போய்க் கதவைச் சாத்துற வரைக்கும் பின்னாடியே போச்சு, சாத்தினதுக்கப்பறம் கதவையே பார்த்துட்டு நின்னுச்சு. நூல்ல போட்ட கண்ணு எப்படித் திரும்பும்னு எங்க வீதியில ஒருத்தரும் கேக்கல. ஏன் அவளைப் பார்க்குதுன்னுதான் கேட்டோம்.

எங்க வீதின்னா திருப்பூர்ல பேர் சொன்னா ஆட்டோக்காரருக்கே தெரியாத வீதி. இந்தக் கடைசியில மாகாளியம்மன் கோயில், அந்தக் கடைசியில ஒரு பனியன் ஷெட்டு, நடுவுல சாந்தாமணியக்காவோட லைன் வீடுங்க. அக்காவோட அப்பா அவங்களுக்குச் சீரா எழுதி வச்ச வீடுங்க அது. வீதிக்கு வாசப்படி மாதிரி நிக்கிற மாடி வீடு மட்டும் அவங்க வீட்டுக்காரர் ஆறுக்குட்டிது. சித்திரையில அம்மனுக்குத் திருவிழாச் சாட்டு வந்தா காப்புக் கட்டுற ஆம்பளைங்க அத்தனை பேரும் ஒரே மாதிரி மஞ்சச் சட்டை போடுவாங்க, ஊரு பூரா பனியன் போட்டு அனுப்புற எங்களுக்குச் சட்டை அடிக்கறது என்ன பெரிய சோலியா, ஷெட்டுலயே அடிச்சுக்குவாங்க. இந்த வருசம் ஆறுக்குட்டி, கோயில் கமிட்டித் தலைவராச்சே, புதுசா ஏதாச்சும் பண்ணணும்னு நெஞ்சுல அம்மன் கண்ணைப் போடச் சொன்னாரு. ரெண்டு கண்ணு போட்டா நூலு எக்கச்சக்கமா ஆகுமுன்னு ஷெட்டு முதலாளி முனகினதால, ஒத்தக் கண்ணு போதும்னு முடிவாச்சு.

எங்கூட்டுக்காரர் அந்த ஷெட்டுல பிரிண்டிங் மேஜையில நிக்கிறவர். ஸ்கிரீனைத் துணி மேல படிய வச்சு, மையை ஊத்தி, ரப்பர் கட்டையால ஒரே இழுப்பா இழுத்துத் தூக்குனா முதுகுல சிவப்பா வீதிப் பேரு உக்காந்திருக்கும். அதைச் சூடு காட்டிக் காய வச்சு, திருப்பிப் போட்டு, இன்னொரு ஸ்கிரீன்ல நெஞ்சுக்குக் கறுப்புப் புருவம். அந்தப் புருவத்துக்குக் கீழ வெள்ளையும் கறுப்புமா நூல்ல கண்ணைப் போட்டது எம்பிராய்டரி மெஷின்ல நிக்கிற தவமணி. புருவம் என் புருசனோடது, கண்ணு அவளோடது. என் வயித்தெரிச்சல் எங்க ஆரம்பிச்சுதுன்னு இதுக்கு மேல நான் விளக்க வேண்டியதில்ல.

தவமணிக்கும் புருசன் இருந்தான். சூரத்துக்கு லாரி ஏறுனவன், அங்கயே ஒருத்தியோட தங்கிட்டான்னு கேள்வி. அவ தனியா இருந்த முதல் வீட்டுல கேபிள்காரன் வந்து போனதைச் சொல்லிக் காலி பண்ண வச்சாங்க, ரெண்டாவது வீட்டுல அவளோட சொந்தத் தம்பி வந்து போனதைச் சொல்லிக் காலி பண்ண வச்சாங்க. சாந்தாமணியக்கா வீடு குடுக்கறப்பவே, "இங்க பாரு அம்மிணி, ஒரு பேச்சு வந்துச்சுன்னா அன்னைக்கே சாவி என்ற கைக்கு வந்துரணும்" அப்படின்னுதான் குடுத்தாங்க. இதையும் விட்டா இந்தச் சுத்துவட்டாரத்துல அவளுக்கு வீடு குடுக்க ஆளில்ல. வீடு இல்லாட்டி வேலையும் இல்ல, கூப்புட்ட நேரத்துக்கு ஓடியாற பக்கத்து ஆளுன்னுதான் ஷெட்டுல அவளை வச்சிருந்தாங்க. அதனால அவ வீதியில நடக்கறப்போ தலையே நிமித்த மாட்டா, சிரிச்சா சிரிச்சான்னு சொல்லுவாங்கன்னு சிரிக்கவும் மாட்டா.

இப்பேர்ப்பட்டவளைத்தான் வீதி ஆம்பளைங்க நெஞ்சு பூரா வெறிச்சு வெறிச்சுப் பார்த்துச்சு.

சாட்டு முடியற வரைக்கும் அந்தச் சட்டையைத்தான் போடணும், குளிக்கற துவைக்கற நேரம் தவிரக் கழட்டக் கூடாதுன்னு வழக்கம். ஆம்பளைங்க நெஞ்சு மேல துண்டைப் போட்டு மறைச்சாங்க, துண்டு தானா நழுவிச்சு. எங்கூட்டுக்காரர் சட்டையை உள்புறம் வெளியில வரத் திருப்பிப் போட்டாரு, எம்பிராய்டரிக்கு அடியில வச்சுத் தைக்கிற வெள்ளைப் பேப்பரும் நூல் முடிச்சுமா அசிங்கமா இருந்துச்சு, தவமணி ஷெட்டுக்குப் போற நேரத்துக்கு அந்த முடிச்சுங்க எல்லாம் அவரு நெஞ்சுல மெதுவா ஊர்ந்துச்சு. அவரு கிச்சுகிச்சு மூட்டுன மாதிரி நெளிஞ்சாரு. "சிரிக்கறீங்களா?"ன்னேன். "அரிக்குது புள்ள"ன்னாரு. அரிக்குதாம்!

ரெண்டு மூணு நாள்ல வீதி அதுக்கும் பழகிப்போச்சு. மனுசன் எதுக்குத்தான் பழகல? பசங்க கண்ணாமூச்சிக்குப் பதிலா, சட்டைக் கண்ணு திரும்பற பக்கத்தைப் பார்த்து தவமணி எங்க இருக்கான்னு கண்டுபுடிச்சு விளையாடுனாங்க, அவ சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிட்டாளா இன்னும் மெஷின்லயே நிக்கிறாளான்னு ஷெட்டு முதலாளி, டீக்கடையில நின்ன எவனோ ஒருத்தன் நெஞ்சைப் பார்த்தே தெரிஞ்சுக்கிட்டாரு, தண்ணி கேன் போடுற லோகு அவ வீட்டுக் கதவைத் தட்டறதையே விட்டுட்டு, "என்ன மாப்ள, வீட்டுல ஆளிருக்கா?"ன்னு எதிர்ல வர்றவன் சட்டையைக் கேட்டுட்டுக் கேனை இறக்குனான். பாவம் லோகு, சட்டை அடிச்ச வாரம் அவன் ஊருக்குப் போயிட்டதால அவன் சட்டை மட்டும் புருவத்தோட கண்ணில்லாம ஷெட்டுலயே கெடந்துச்சு. எப்பக் குடுப்பீங்கன்னு கேட்டுக் கேட்டு அலுத்துட்டான்.

பழகுனது ஆம்பளைங்களும் பசங்களுந்தான். நாங்க பழகல. எவ புருசனோட கண்ணு அசையாமப் பார்க்குது, எவ புருசனோடது பார்த்தும் பார்க்காத மாதிரி பார்க்குதுன்னு குழாயடியில நாங்க கணக்குப் பார்த்தோம். ஒருத்தி வீட்டுக் கண்ணு கொஞ்சம் ஈரமா இருந்துச்சுன்னு சொல்லி அவ மூணு வேளை சமைக்கல. நானே ஒரு நாள் மனசு கேக்காம எங்கூட்டுக்காரர் குளிக்கப் போன நேரத்துல அந்தச் சட்டையை எடுத்து நானே மாட்டிக்கிட்டு வாசல்ல நின்னேன். தவமணி போனா. என் நெஞ்சு மேல இருந்தும் அது அவளைத்தான் பார்த்துச்சு, என் மாருக்குள்ள யாரோ கழுத்தைத் திருப்பற மாதிரி இருந்துச்சு. கொடியில காயப் போட்டேன், அங்கிருந்தும் பார்த்துச்சு. சாந்தாமணியக்கா அவங்க வீட்டுக்காரர் சட்டையைக் கன்னுக்குட்டி மேல போர்த்திப் பார்த்தாங்க, கன்னுக்குட்டியும் மேயறதை விட்டுட்டு அவ வீட்டுப் பக்கமா நகந்துச்சு.

புத்தியுள்ளவ இதோட புருசனைச் சந்தேகப்படறதை நிறுத்தியிருப்பா. நாங்களும் நிறுத்தினோம். ஆனா சந்தேகத்தை எறக்கி வைக்க ஒரு எடம் வேணுமே, அதனால மொத்தத்தையும் தூக்கி அவ தலையில வச்சோம். மருந்து வச்சிருக்கா, நூல்ல மை தடவியிருக்கான்னு பேச்சு கெளம்புச்சு. மஞ்சத்தண்ணி ஊத்தி முடிஞ்ச மறுநாள் கோயில் வாசல்ல வீதியே கூடிருச்சு. சாட்டுதான் முடிஞ்சுதே, சட்டையைக் கழட்டி எறியலாமேன்னு கேப்பீங்க. அம்மன் கண்ணை எங்க எறியறது? தரை துடைக்கவா முடியும்? பெட்டியில மடிச்சு வச்சவங்க வீட்டுல பெட்டியே மெல்ல மெல்லத் தவமணி வீட்டுச் சொவரு வரைக்கும் நகந்து போயிருந்துச்சு. கத்திரி வைக்கற தைரியம் எவனுக்கும் இல்ல. அதனால சட்டை ஆம்பளைங்க மேலயே இருக்கட்டும், அவ போகட்டும்னு பேச்சு.

"ஆடி பொறந்துட்டா யாரும் வீடு மாறமாட்டாங்க" அப்படின்னாங்க சாந்தாமணியக்கா. "ஆனி முடியறதுக்குள்ள சாவி எனக்கு வந்தாகணும். ஊசி எடம் குடுக்காம நூல் நுழையாது அம்மிணி, எனக்குத் தெரியாதா?"

எங்க எல்லாருக்கும் அந்தப் பேச்சு ரொம்பப் புடிச்சுது, நான் கையே தட்டியிருப்பேன். அப்பத்தான் தவமணி முதல் தடவையாத் தலையை நிமித்துனா.

"நூல் கோக்கறவ நானுங்கக்கா," அப்படின்னா. "எடம் குடுக்கறியான்னு ஊசிகிட்ட யாரும் கேக்கறதில்லீங்க."

அவ பூசாரி பக்கம் திரும்புனா.

"சாமி, அம்மன் செலைக்குக் கண்ணு தெறக்கறப்ப என்ன பண்ணுவீங்க?"

பூசாரி சாந்தாமணியக்கா மூஞ்சியை ஒரு தடவை பார்த்துட்டு, தொண்டையைச் செருமிக்கிட்டு, "எதுக்கால யாரும் நிக்கக் கூடாது. முதல்ல கண்ணாடியைக் காட்டுவோம், பசுவும் கன்னுமாக் காட்டுவோம், அப்பறந்தான் சனம்" அப்படின்னாரு.

"இந்தக் கண்ணுங்களுக்கு யாருங்க அதெல்லாம் காட்டுனாங்க? மெஷின் நின்னதும், கடைசி நூலு கண்ணுலிருந்து தொங்கிட்டிருக்கும். அதை மூஞ்சியைக் கிட்டக் கொண்டு போய்ப் பார்த்துத்தான் நறுக்கணும், இல்லாட்டித் துணி ஓட்டையாயிரும். ஒவ்வொரு சட்டைக்கும் நாந்தானுங்க குனிஞ்சேன். அதுங்க முழிச்சதும் பார்த்தது என்ற மூஞ்சிதானுங்க. பொறந்த புள்ள பெத்தவளைப் பார்க்காம வேற யாரைங்க பார்க்கும்?"

சொல்லிட்டு முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டா. எனக்கும் பாவமாத்தான் இருந்துச்சு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா அழுகறவளை எல்லாம் நம்பறதுன்னா இந்த ஊருல யாரையுமே சந்தேகப்பட முடியாதே.

"அடேங்கப்பா, நல்லாத்தான் கதை கட்டறா!" அப்படின்னாங்க சாந்தாமணியக்கா.

"கதைன்னா நீங்களே ஒண்ணை நறுக்கிப் பாருங்கக்கா. லோகுவோட சட்டை ஷெட்டுல அப்படியேதான் கெடக்குது. நான் பாட்டுக்குச் சொவத்தைப் பார்த்து நிக்கறேன். அப்பவும் அது என்னைப் பார்த்துச்சுன்னா அந்த நிமிசமே சாவியைக் குடுத்துட்டுப் போறேன்."

அக்காவுக்கு ரோசம் வந்துருச்சு. வீதியே கெளம்பி ஷெட்டுக்குப் போச்சு, முன்னாடி அக்கா, பின்னாடி ஆறுக்குட்டி, அவருக்குப் பின்னாடி மஞ்சச் சட்டை பூரா, நடுவுல தவமணி. தவமணி லோகுவோட சட்டையைச் சட்டத்துல இறுக்கி, அடியில பேப்பர் வச்சு, மெஷின்ல இருக்கற ஊசித் தலைங்கள்ல ஒரே ஒண்ணை மட்டும் ஓட விட்டா. ஊசி தடதடன்னு இறங்குச்சு, முதல்ல வெள்ளை நெறஞ்சுது, அப்பறம் கறுப்பு வட்டம், புருவத்துக்குக் கீழ ஒரு மயிரிழை பிசகாம கண்ணு உக்காந்துச்சு. மெஷின் நின்னுச்சு. தவமணி திரும்பிப் போய்ச் சொவத்துல நெத்தியை வச்சுக்கிட்டு நின்னா. நாங்க எல்லாரும் பயந்து போய்க் கண்ணை மூடிக்கிட்டோம், நான் மட்டும் வெரலிடுக்குல பார்த்தேன். ஆறுக்குட்டியும் மூடலைன்னு எனக்குத் தெரியும், ஏன்னா நான் அவரையும் பார்த்தேன்.

சாந்தாமணியக்கா குட்டிக் கத்திரியை வாங்கி, குண்டு ஒடம்பை மடக்கிக் குனிஞ்சு, மூக்கு துணியில ஒரசற அளவுக்குப் போயி, நறுக்குனாங்க.

கண்ணு முழிச்சுது. முழிச்சு, அவங்களையே பார்த்துச்சு. அக்கா இந்தப் பக்கம் நகந்தாங்க, இந்தப் பக்கம் வந்துச்சு, அந்தப் பக்கம் நகந்தாங்க, அந்தப் பக்கம் வந்துச்சு. சொவத்துக்கிட்ட நின்ன தவமணியை அது திரும்பியே பார்க்கல. அப்பத்தான் அது நடந்துச்சு, நான் வெரலிடுக்குல பார்த்தேன், சத்தியமாச் சொல்றேன், வாடகை கேக்கறப்பவும் வசவு விடறப்பவும் மட்டுமே தெறக்கற அந்த வாயி, கல்யாணப் பொண்ணு மாதிரி வெக்கமாச் சிரிச்சுது. யாரு அவங்களை அப்படி ஆசையாப் பார்த்து எத்தனை வருசம் ஆச்சோ. அது ஒரு கணம்தான். ஆனா ஆறுக்குட்டியும் பார்த்துட்டாரு.

வெவகாரம் தீந்துதுன்னு நீங்க நெனைப்பீங்க. அக்கா வெளிய வந்து, "பார்க்கலாம்"னு ஒரு வார்த்தை சொன்னாங்களே ஒழிய, வீட்டைக் காலி பண்ண வேண்டாம்னு சொல்லல. தோத்தவங்க வாயில அது அவ்வளவு சீக்கிரம் வருமா? நாங்களும் வற்புறுத்தல. தவமணி பானை சட்டியை எல்லாம் சாக்குல கட்டி வச்சுட்டு, நாள் பார்த்துட்டு இருந்தா.

லோகுவுக்கு ஒரே சந்தோசம். சட்டை கைக்கு வந்த அன்னைக்கே மாட்டிக்கிட்டான், மழையோ வெயிலோ அதைத்தான் போட்டான், அதைப் போட்டுக்கிட்டுத்தான் தெனமும் தோள்ல கேனைத் தூக்கிட்டு மாடி வீட்டுப் படியேறுனான். அவனுக்கு ஒரு கெட்ட எண்ணமும் இல்ல, அவன் கண்ணு செல்போனைப் பார்க்கும், சட்டைக் கண்ணுதான் அக்காவைப் பார்க்கும், அக்கா அடுப்படிக்குப் போனா அடுப்படியை, மாடிக்குப் போனா மாடியை. ஆறுக்குட்டி ஊஞ்சல்ல உக்காந்து இதைப் பார்த்துட்டே இருந்தாரு. முதல் வாரம் கேனை வாசல்லயே வாங்கி வச்சாரு. அடுத்த வாரம் கேன் வேண்டாம், குழாய்த் தண்ணியைக் காய்ச்சிக் குடிக்கலாம்னாரு. லோகு அடுத்த வீட்டுக்குக் கேன் போட வந்தான், அங்கிருந்தும் சட்டை திரும்புச்சு. கேன் வண்டியே நம்ம வீதிக்குள்ள வரக் கூடாதுன்னு கமிட்டியில தீர்மானம் போடலாமான்னு பூசாரிகிட்டக் கேட்டாரு. அப்பறம் ஒரு மத்தியானம், சன்னலெல்லாம் தெறந்து கெடக்க, வீதியே காதை நீட்டிட்டு இருக்க, அந்தச் சண்டை வந்துச்சு.

"ஏனுங், நீங்களும் அங்கதான நின்னீங்க? நான் நறுக்குனதை நீங்களும் பார்த்தீங்கல்ல?"

"நின்னேன். பார்த்தேன். கண்ணு ஏன் உன்னையப் பார்க்குதுன்னு எனக்குத் தெரியாதுன்னா நெனைக்கற? எல்லாம் தெரியும்."

"அப்பறம் என்னத்துக்கு இந்த அக்கப்போரு?"

"ஊருல அத்தனை ஆம்பளை இருக்க, அன்னைக்குன்னு பார்த்து அவன் சட்டை மட்டும் ஏன் மிஞ்சிக் கெடந்துச்சு? அதைச் சொல்லு. சரி, அதையும் விடு. அன்னைக்கு ஏன் சிரிச்ச?"

நானா இருந்தா அதுக்கு என்னன்னு சொல்லியிருப்பேன்? அப்பறம் மாடி வீட்டுக் கதவு தெறந்துச்சு, சாந்தாமணியக்கா ஒரு கட்டைப் பையோட எறங்கி வந்தாங்க. அவங்க அந்த வீதியில கையில பையோட நடந்து நான் பார்த்ததே இல்ல, வாடகை வாங்க வந்தாக்கூட கையை வீசிட்டுத்தான் வருவாங்க. ஒவ்வொரு வாசல்லயும் நாங்க நின்னோம். முதல் வீட்டைத் தாண்டுனாங்க, என் வீட்டைத் தாண்டுனாங்க, என் மூஞ்சியைக்கூடப் பார்க்கல, நேரா அஞ்சாவது வீட்டுக்குப் போயிக் கதவைத் தட்டுனாங்க.

தவமணி தெறந்தா. அவளுக்குப் பின்னாடி கட்டி வச்ச சாக்கு மூட்டைங்க தெரிஞ்சுது. அக்காவைப் பார்த்ததும் ஒரு கேள்வி கேக்காம இடுப்புல சொருகியிருந்த சாவியை எடுத்து நீட்டுனா. "ஆனி இன்னும் முடியலீங்கக்கா. இருந்தாலும் பரவால்ல, இந்தாங்க."

"அது உன்கிட்டயே இருக்கட்டும் கண்ணு," அப்படின்னாங்க அக்கா. "எனக்கு ஒரு பாய் போடறதுக்கு எடமிருக்குதா?"

தவமணி அவங்களை ஏற எறங்கப் பார்த்தா. பையைப் பார்த்தா, வாசல் வாசலா நின்ன எங்களைப் பார்த்தா. வீதியில நின்ன மஞ்சச் சட்டை அத்தனையும் அந்த வாசலைப் பார்த்துட்டிருந்துச்சு, வீதி முக்குல கேன் வண்டியோட நின்ன லோகுவோட சட்டையும் அங்கயேதான் பார்த்துச்சு.

"வாங்கக்கா," அப்படின்னா. பையை வாங்கிக்கிட்டா. "கதவைச் சாத்திக்கிட்டு வாங்க. பார்த்தாத் தப்பா நெனைப்பாங்க."

கதவு சாத்திக்கிச்சு. நாங்க குழாயடியில கூடுனோம், குடத்தை வச்சோம், தண்ணி நெறஞ்சு வழிஞ்சதை யாரும் கவனிக்கல. கொஞ்ச நேரத்துல உள்ள இருந்து சிரிப்புச் சத்தம் வந்துச்சு, தவமணி சிரிப்பு எப்படி இருக்கும்னு எங்களுக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது, அது கூடவே அக்கா சிரிப்பும். அப்பவே எனக்கு ஒரு சந்தேகம், ரெண்டு பேரும் ஆரம்பத்துல இருந்தே கூட்டுன்னேன். எல்லாரும் ஆமா ஆமான்னாங்க. பின்ன என்னங்க, ரெண்டு பொம்பளைங்க கதவைச் சாத்திட்டு அப்படிச் சிரிக்கறதுக்கு அந்த வீட்டுக்குள்ள என்னதான் இருக்குது?